தட்டிவிட்டு மூடு

கேரவனின் முன்பெட்டி மூடியைச் சாத்துவதற்கு முன் ரோசெல்டா அதன்மேல் மூன்று முறை தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு தட்டு திரும்பி வந்தது.

பெரிய சத்தமில்லை. வேறு ஏதோ நினைவில் இருப்பவர் விரல் முட்டியால் மேசையில் லேசாகத் தட்டுவாரே, அந்த மாதிரி ஒன்றே ஒன்று. அவள் கை மூடியின் மேலேயே நின்றுவிட்டது. காலை பத்து மணி வெயில் முற்றத்தில் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது; பக்கத்து வீட்டுத் தகரக் கூரை சூட்டில் டப்டப்பென்று தெறித்துக்கொண்டிருந்தது; ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் டிராக்டரின் ஓசை தூரத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இத்தனைக்கும் நடுவில் எந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் அவள் மூடியைத் திரும்பத் தூக்கிப் பார்த்தாள்.

பாதி அறுத்த பிளைவுட் பலகை. அளவு நாடா. ஒரு துண்டு சாக்குக்கட்டி. வேறொன்றும் இல்லை.

ஃபைபர் பெட்டி, வெயிலில் விரிகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். மறுபடி மூன்று முறை தட்டினாள். பத்து எண்ணினாள். ஒன்றும் கேட்கவில்லை. மூடினாள்.

தட்டுவது அவளுக்குக் கையோடு வந்த பழக்கம். அபிங்டன் ஊருக்கு வெளியே ஒரு திராட்சைக் குளிர்க்கிடங்கில் பன்னிரண்டு வருடமாக அவள் இயந்திரப் பராமரிப்பு பார்க்கிறாள். அங்கே எந்த அறைக் கதவை மூடுவதானாலும் முறை ஒன்றுதான்: மூன்று தட்டு, பத்து எண்ணிக்கை, பிறகுதான் தாழ்ப்பாள். பதில் தட்டு வந்தால் கேள்வியே இல்லாமல் திறக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் பருவத்தில் ஒருநாள் அவசரத்தில் அவள் தட்டாமல் மூடிவிட்டாள். உள்ளே கூட வேலை பார்த்த மார்ட்டினஸ் இருந்தார். ஐம்பது நிமிடம். இடது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அவர் அவளை ஒரு சொல் திட்டியதில்லை. இன்றும் கிறிஸ்துமஸுக்கு ஒரு பை உலர்திராட்சை கொண்டுவந்து கொடுப்பார், அந்தக் கையாலேயே. அதுதான் அவளால் தாங்க முடியாதது. அன்றிலிருந்து அவள் தட்டாமல் எதையும் மூடுவதில்லை. துணி துவைக்கும் இயந்திரம், காரின் டிக்கி, அடுப்பு அலமாரி, எல்லாம்.

"என் பொண்டாட்டி ஃப்ரிட்ஜை மூடும்போது பாலுக்கு மூச்சு முட்டுதான்னு கேட்டுட்டுத்தான் மூடுவா," என்று கெர்ஸ்வின் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அவன் சிரிப்பதைக் கேட்டே இரண்டு வருடமாகியிருந்தது. வடக்கே சுரங்க வேலைக்குப் போனவன், மாதம் ஒருமுறை வந்தவன், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தவன். போன குளிர்காலத்தில் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, குழந்தை யாரிடம் இருப்பது என்பது வரைக்கும் பேசிவிட்டார்கள். அடுத்த வாரமே அவன் வேலையை விட்டுவிட்டு, பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றான். "ஒரே ஒரு தடவை, ரோசி," என்றான். "நாம மூணு பேரும் எங்கயாவது போவோம். கரண்ட் இல்லாத, போன் எடுக்காத இடமா. அங்கயும் உன்னால என்னைச் சகிக்க முடியலன்னா, நானே போயிடறேன்."

அதற்காக வாங்கியதுதான், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற இந்தப் பழைய சின்னக் கேரவன். டிசம்பரில், அந்தப் பக்கத்துக் கோடை விடுமுறையில், செம்மணல் மேடுகளுக்கு நடுவே மூன்று நாள். ஆறு வயது மகள் லிஸ்கா காலண்டரில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தாள்.

கேரவனை விற்றவர் காக்காமாஸில் இருந்த டானி ஹெஸ்டர் என்ற கிழவி. அந்தப் பக்கத்தில் வயதில் மூத்த பெண்களை எல்லோரும் டானி என்றுதான் கூப்பிடுவார்கள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அடுப்பு, படுக்கை, சக்கரம் எல்லாம் காட்டினவர், முன்பக்கம் மட்டும் வரவில்லை. கேரவனின் மூக்குபோல முன்னால் துருத்திக்கொண்டிருந்த அந்தப் பெட்டியில் ஒரு ஆள் முழங்காலை மடக்கி உட்காரலாம்.

"இதுக்குப் பூட்டு இல்லையா டானி?"

"பூட்டுறதில்ல கண்ணு. அதுல நாங்க எதுவும் வைக்கிறதும் இல்ல."

உள்ளே பழுப்புக் கம்பளி ஒன்று மடித்துக் கிடந்தது, குழந்தைக்குப் போர்த்துகிற அளவில். ரோசெல்டா அதை இரண்டு தடவை துவைத்தாள். பழைய கம்பளியும் தேங்கிய மழைத்தண்ணீரும் கலந்த அந்த வாசனை போகவில்லை. குப்பையில் போட்டுவிட்டாள்.

பெட்டியில் அவள் செய்ய நினைத்தது எளிமையான வேலைதான். வழக்கமாக இந்தப் பெட்டியில் வைக்கும் எரிவாயு சிலிண்டர்கள் இரண்டையும் வெளியே, காரோடு இணைக்கும் இழுகம்பியின் மேல் பொருத்துவது. உள்ளே குறுக்கே ஒரு பலகை. பலகைக்கு இந்தப் பக்கம் சோலார் பேட்டரி, தண்ணீர் பம்பு, டயருக்குக் காற்றடிக்கும் கருவி. அந்தப் பக்கம் வெயிலுக்குக் கட்டும் நிழல்துணி, மண்வெட்டி, இழுவைக் கயிறு. இன்வெர்ட்டர் சூடாகும் என்பதால் அதை இருக்கைக்கு அடியில் வைத்தாள். சிலிண்டர் உள்ளே இருக்கும் என்றுதான், கசிந்த வாயு இறங்கிப் போக அடிப்பலகையில் ஓட்டைகள் போட்டிருந்தார்கள். இனி வேண்டாம். அந்த மணல்நாட்டில் தூசி மாவு மாதிரி. ஊசி நுழையும் இடம் இருந்தால் போதும், பேட்டரி முனைவரைக்கும் போய்விடும். தூசி புகாத கேரவன்தான் அங்கே பெருமை. அவள் ஓட்டைகளையெல்லாம் பசையால் அடைத்தாள். மூடிக்குப் புதிய ரப்பர் பட்டை ஒட்டினாள். திருட்டுப் பயத்துக்கு ஒரு பூட்டும் வைத்து, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் மூடும்போது தட்டினாள். செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஒரு தட்டு. வியாழக்கிழமை இரண்டு. ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தாள். திறக்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"பதில் தட்டு வந்தா எப்பவும் திறக்கணும் இல்லையாம்மா?" பின்னால் நின்ற லிஸ்கா கேட்டாள்.

"ஆமா செல்லம். எப்பவும்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "உனக்குக் கேட்டுதா?"

"எனக்குப் பசிக்குது," என்றது குழந்தை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கசிவுச் சோதனை. குளிர்க்கிடங்கில் கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு: விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நிற்பது. வெளிச்சம் வரும் இடமெல்லாம் ஓட்டை. லிஸ்கா பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு தண்ணீர்த் தொட்டியில் இருந்தாள். ரோசெல்டா சாக்குக்கட்டியோடு பெட்டிக்குள் ஏறி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மூடு. வெளிச்சம் வர்ற இடத்துல எல்லாம் குறி போடறேன்."

"நல்லா யோசிச்சுக்கோ," என்றான் கெர்ஸ்வின், உலர்ந்த இறைச்சியைக் கடித்துக்கொண்டே. "பூட்டிட்டு நான் பாட்டுக்கு ரக்பி பார்க்கப் போயிடுவேன்."

"போயேன். ராத்திரி சாப்பாட்டுக்கு யார்கிட்ட வர்றேன்னு பார்க்கறேன்."

மூடி இறங்கியது. உச்சி வெயிலில் ஒரே நொடியில் இருட்டு.

முதலில் சூடுதான் தெரிந்தது, வாயைப் பொத்துகிற சூடு. பிறகு பசையின் கருகிய சர்க்கரை நாற்றம். அதற்கும் அடியில், தேடினால்தான் தெரியும் என்கிற அளவில், பழைய கம்பளி. கண் பழகியதும் எதிர்ச்சுவரில் மூடி பொருந்தும் விளிம்பு ஓரமாக வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்தன, துளித்துளியாக, வரிசையாக. எண்ணினாள். பதினொன்று. பரவாயில்லை, பதினொன்றுதான். சாக்குக்கட்டியை நீட்டினாள்.

இடது கோடியில் இருந்த புள்ளி அணைந்தது.

"கெர்ஸ்வின், அங்க நின்னு மறைக்காதே."

"எங்க மறைக்கறேன்? நான் குழாய்கிட்ட கை கழுவறேன்." அவன் குரல் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. தண்ணீர் விழும் சத்தமும் கேட்டது.

அணைந்த புள்ளி திரும்ப எரிந்தது. அடுத்தது அணைந்தது. அதுவும் எரிந்தது. மூன்றாவது அணைந்தது. அவசரமே இல்லாமல், இடமிருந்து வலமாக, ஏதோ ஒன்று அந்தப் புள்ளிகளுக்கும் அவளுக்கும் நடுவே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நடுவே இருந்த இடம் ஒரு சாண். அவள் முழங்காலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண்.

நான்காவது. ஐந்தாவது.

கம்பளி வாசனை. இப்போது தேட வேண்டியதில்லை.

ஆறாவது புள்ளி அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அது அணைந்தது. திரும்ப எரியவில்லை.

கத்தக்கூடத் தோன்றவில்லை. கைதான் வேலை செய்தது, பன்னிரண்டு வருடப் பழக்கத்தில். மேலே மூடியில் மூன்று தட்டு தட்டினாள்.

அவள் காதுக்குப் பக்கத்தில், அதே மூடியில், உள்பக்கமாக, மூன்று தட்டு.

வெளிச்சம் வெள்ளமாகக் கொட்டியது. கெர்ஸ்வினின் ஈரக் கை மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தது. "என்ன, அதுக்குள்ள அவிஞ்சிட்டியா?" என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். இரண்டு கையாலும் அவளைத் தூக்கி இறக்கி, நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் கொண்டுவந்தான். தன் சட்டையை நனைத்து அவள் பிடரியில் வைத்தான். இரண்டு வருடமாக அவன் அவளை இப்படித் தொட்டதில்லை.

"சூடு," என்றாள். "சூடுதான்."

"சரி, சூடுன்னா மூணு தட்டு போதாதா?" அவன் லேசாகச் சிரித்தான். "ஆறு தட்டு தட்டற. பயந்தே போயிட்டேன்."

மறுநாள் வேலையிடத்திலிருந்து அவள் டானி ஹெஸ்டருக்குப் போன் செய்தாள்.

"சொல்லு கண்ணு. பிரேக் பிடிக்குதா?"

"அதெல்லாம் நல்லா இருக்கு டானி. அந்த முன்பெட்டி..."

மறுமுனையில் கோழிகள் கொக்கரித்தன.

"தட்டினியா?" என்றார் கிழவி.

ரோசெல்டா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நாங்க ஒருநாளும் தட்டினதில்ல. இருபத்தாறு வருஷம். சாத்துவோம், வருவோம், அவ்வளவுதான். கூப்பிடாத வீட்டுக்கு யார் வருவா?"

"யாரு டானி? உள்ள யாரு?"

"வெயில் ஏறுது. கோழிக்குத் தண்ணி வைக்கணும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். கேரவனை விற்றுவிடலாம், எரித்துவிடலாம், பயணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் கெர்ஸ்வின் ஏன் என்று கேட்பான். பெட்டிக்குள் யாரோ தட்டுகிறார்கள் என்றா சொல்வது? அவன் சிரிக்க மாட்டான், அதுதான் பயம். அவள் மனம் மாறிவிட்டது, நேரே சொல்லத் தயங்கிச் சாக்கு தேடுகிறாள் என்றே எடுத்துக்கொள்வான். துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியும் போய்விடுவான். ராத்திரி முழுக்கப் புரண்டு, விடியும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். தட்டாமல் இருந்தால் போதும். கிழவி சொன்னது அதுதானே? இருபத்தாறு வருடம் ஒன்றும் ஆகவில்லையே.

தட்டுவதை நிறுத்தினாள். சொல்வதுபோல் சுலபமில்லை, மூடியைப் பிடித்ததுமே வலது கை தானாக எழும். அதைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு இடது கையால் மூடினாள்.

"அம்மா, தட்ட மறந்துட்டீங்க."

"இதுக்குத் தேவையில்ல செல்லம்."

"உள்ள யாராவது இருந்தா?"

"யாரும் இல்ல."

"தட்டாம எப்படித் தெரியும்?" என்றாள் லிஸ்கா.

பெட்டி அமைதியாகிவிட்டது. ஒன்பது நாளும் ஒரு சத்தமில்லை. மணல்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இல்லை. காற்று குறைத்த டயர்களோடு செம்மணல் தடத்தில் மிதந்து மிதந்து போய், ஒற்றை முள்மரத்தின் நிழலில் கேரவனை நிறுத்தினார்கள். சோலார் பேட்டரி ராத்திரி முழுக்க விளக்கெரித்தது. தண்ணீர் பம்பு சொன்னபடி கேட்டது. பெட்டிக்குள் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கெர்ஸ்வின் தணலில் ரொட்டி வாட்டினான், கருக்கினான், கருகியதைத் தானே தின்றான். இரண்டாம் நாள் லிஸ்கா முள்மரத்தடியில் விழுந்து வலது முழங்காலைக் கிழித்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். ரோசெல்டா கழுவி, பெரிய நீலநிறப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிவிட்டாள். அன்று சாயங்காலம் கெர்ஸ்வின் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, "சகிக்க முடியுதா?" என்றான். "ரொட்டியைத்தான் முடியல," என்றாள் அவள். அவன் சிரித்தான். வானம் அணையும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றே ஒன்று. மூன்றாம் நாள் காலையில் பெட்டி மூடியின்மேல் படிந்திருந்த செந்தூசியில், சின்ன விரல் முட்டிகள் பதிந்த தடம் இருந்தது. ஒரு வரிசையில் மூன்று இடம். குழந்தையின் கை உயரத்தில்.

துணியால் துடைத்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மதியத்துக்கு முன் கிளம்ப வேண்டும். அனல் நாற்பதைத் தாண்டியிருந்தது. நிழல்துணியைச் சுருட்டிக்கொண்டே கெர்ஸ்வின், "நான் பத்து எண்ணுவேன், ஒளிஞ்சுக்கோ. இதுதான் கடைசி ஆட்டம்!" என்று கத்துவதும் லிஸ்கா கிறீச்சிட்டுக்கொண்டு ஓடுவதும் கேட்டது. ரோசெல்டா அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு மணல் சரிவுக்கு அந்தப் பக்கம் போய்ப் புதைத்தாள், மேலே தண்ணீர் ஊற்றினாள், தணல் முழுக்க அணைந்ததா என்று கையை வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்தபோது லிஸ்கா காரின் பின்னிருக்கையில் இருந்தாள். எப்போதும் போடும் மஞ்சள் தொப்பி. பெல்ட் போட்டிருந்தாள். மடியில் முழங்கால்வரை ஒரு துணியை இழுத்துவிட்டிருந்தாள்.

"நான் தேடவே ஆரம்பிக்கல," என்றான் கெர்ஸ்வின். "கார் கதவைத் தட்டிக்கிட்டு நின்னா. திறந்துவிட்டேன். தானே ஏறித் தானே பெல்ட் போட்டுக்கிட்டா. உன் பொண்ணுக்கு விவரம் வந்திருச்சு."

லிஸ்கா ஒருநாளும் தானாகப் பெல்ட் போட்டுக்கொண்டதில்லை. முன்பு ஓடுகிற வண்டியில் கதவுக் கைப்பிடியை இழுத்தவள் அவள். அதற்குப் பிறகுதான் பின்கதவை வெளியிலிருந்து மட்டும் திறக்கும்படி மாற்றினார்கள். களைத்துவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டு ரோசெல்டா முன்பெட்டிக்குப் போனாள். சுருட்டிய நிழல்துணி வாயை அடைத்தாற்போல் முன்னால் கிடந்தது. அதற்குப் பின்னால் இருட்டு. வலது கை எழுந்தது. பைக்குள் திணித்தாள். இடது கையால் மூடினாள். புது ரப்பர் மெத்தென்று அமுங்கியது. பூட்டினாள்.

நாற்பது நிமிடம் மணல் தடம். வண்டி ஆடியது. கெர்ஸ்வின் பேசிக்கொண்டே வந்தான்: ஈஸ்டருக்கு எங்கே போகலாம், அடுத்த முறை யாரைக் கூட்டிவரலாம் என்று. பின்னிருக்கையில் சத்தமே இல்லை. பிஸ்கட் கேட்கவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை.

"தூங்கறியா செல்லம்?" என்றாள் ரோசெல்டா.

"இல்ல."

பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தாள். தொப்பியின் நிழலில் வாய் மட்டும் தெரிந்தது. காருக்குள் குளிராக இருந்தது. ஏசியைக் குறைத்தாள். குளிர் குறையவில்லை. கம்பளி வாசனை.

தார்ச்சாலை வரும் இடத்தில் கெர்ஸ்வின் வண்டியை ஓரங்கட்டினான். மணலுக்காகக் குறைத்த காற்றைத் திரும்ப அடிக்காமல் அங்கே யாரும் தார்ச்சாலையில் ஏறுவதில்லை. "கருவியை எடுத்துக் கொடு ரோசி, நான் டயரைப் பார்க்கறேன்," என்று சொல்லிவிட்டுப் கேரவனின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான்.

இயந்திரம் அணைந்திருந்தது. காற்றில்லை. பறவையில்லை. அனலில் சாலை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அவள் முன்பெட்டிக்கு நடந்தாள். சாவியைத் துளைக்கு அருகே கொண்டுபோனபோது கேட்டது.

தட்டு. தட்டு.

இடைவெளி.

தட்டு.

சோர்ந்த தட்டு. பலமே இல்லாத தட்டு.

நான் தட்டவில்லையே. நான் தட்டவே இல்லையே. சாவி கையிலேயே நின்றது. திறக்க மாட்டேன். இந்தத் தடவை மாட்டேன். ஊருக்குப் போய் இதைக் கழற்றி ஆற்றில் போடுவேன். எண்ணிக்கை தானாக உள்ளே ஓடத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"அம்மா."

குரல் காருக்குள்ளிருந்து வந்தது. பின்கதவுக் கண்ணாடி ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தது.

"திறக்காதீங்க அம்மா."

நான்கு. ஐந்து. நல்ல குழந்தை. பயந்திருக்கிறாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. இங்கே கேட்டது அவ்வளவு தூரத்துக்கு எப்படிக் கேட்கும்?

ரோசெல்டா திரும்பிப் பார்த்தாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு அது இருக்கைமேல் ஏறி மண்டியிட்டு, பக்கக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் இருந்த துணி நழுவிவிட்டது. இரண்டு முழங்கால்களும் கண்ணாடியில் அழுந்தியிருந்தன. மழமழவென்று. வெள்ளையாக. காயமில்லை. தழும்பில்லை. பிளாஸ்திரி இல்லை.

ஆறு.

சாவி துளையில் ஏறவில்லை. திருப்பிப் பிடித்தாள். ஏறியது. திருகினாள். மூடியை இரண்டு கையாலும் எறிந்தாற்போல் தூக்கினாள். அனல் முகத்தில் அடித்தது. நிழல்துணியை வாரி இழுத்தாள்.

பலகைக்குப் பின்னால் லிஸ்கா.

முகம் சிவந்து காய்ந்திருந்தது. உதடு நீலம். தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. வலது முழங்காலில் நீலப் பிளாஸ்திரி, பாதி பிய்ந்து. விரல் முட்டிகளில் ரத்தம். ரோசெல்டா அவளை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். மூச்சு இருந்தது. கொதிக்கிற உடம்பில், மெல்லிய, கிழிந்த மூச்சு. இருந்தது.

"அம்மா... நான் தட்டினேன்..."

"ஆமாண்டா. ஆமா. அம்மா திறந்துட்டேன். திறந்துட்டேன்."

குழந்தையின் கண்கள் மெல்லத் திறந்தன. அம்மாவின் தோளுக்கு மேலாகக் காரைப் பார்த்தன. நின்றன. பிறகு லிஸ்கா அம்மாவின் கழுத்தை விட்டுவிட்டு, திரும்பவும் அந்தப் பெட்டிக்குள்ளேயே, இருட்டுக்குள்ளேயே போய் ஒடுங்கப் பார்த்தாள்.

பின்னால் கண்ணாடியில்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

"இரு செல்லம், அவசரமா?" என்றது கெர்ஸ்வினின் குரல். தூக்கி நின்ற மூடிக்கு அந்தப் பக்கம் அவன் எழுந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கார் பக்கமாக நடப்பது மண்ணில் கேட்டது. ரோசெல்டா குழந்தையோடு எழுந்து, மூடியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

அவன் முதுகு தெரிந்தது. கைப்பிடியில் அவன் கை தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் தொப்பி.

"அப்பா திறந்துவிடறேன்," என்றான். கதவின் கொண்டி டக்கென்று விலகியது.